படமாளிகைக்குள் ஒரு தவறணையா?

மதுவைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால், அப்பேச்சு விரைவிலேயே இரண்டு சுவர்களில் ஒன்றிற் போய் முட்டி நின்றுவிடும். ஒன்று ஒழுக்கம், மற்றது சுதந்திரம். “குடி குடியைக் கெடுக்கும்” என்று ஒருவர் தொடங்குவார். “என் காசு, என் வாய்” என்று மற்றொருவர் முடித்துவிடுவார். விற்பவர் யார், வாங்குபவர் யார், இலாபம் எவருடைய பெட்டிக்குப் போகிறது, நட்டம் எவருடைய வீட்டில் இறங்குகிறது, விற்பனை எந்த இடத்திலே எந்த நேரத்திலே நடைபெறுகிறது என்னும் கேள்விகள் இவ்விரண்டு சுவர்களுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும். அண்மையில் எமது ஊரிலே எழுந்த ஒரு விவாதம் அக்கேள்விகளைச் சற்றே வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அதனாலேயே அதனை இங்கு எழுதத் துணிகிறோம்.

செய்தி இதுதான். குடாநாட்டின் சிற்றூர்களிலே இன்னும் மூடப்படாமல் எஞ்சியிருக்கும் படமாளிகைகளுள் எமது ஊர்ச் சந்தியில் நிற்பதும் ஒன்று. அதன் உரிமையாளர், மேல்மாடியிலே பல்கனியை ஒட்டினாற்போல ஓர் உணவகம் அமைக்க எண்ணினார். குளிரூட்டப்பட்ட அறை, மெத்தையிட்ட ஆசனங்கள், அங்கே பியரும் வைனும் பிறவும் பரிமாறுவதற்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம். வாங்கியதைக் கையில் ஏந்திக்கொண்டு பல்கனிக்குட் சென்று அமர்ந்து படத்தையும் பார்க்கலாம். விண்ணப்பம் போய்விட்டது என்ற செய்தி கிராம அலுவலர் வாயிலாகக் கசிந்ததும், சனசமூக நிலையத்திலே கூட்டம் கூடிற்று. நிலையத்தின் வாங்குகள் போதாமற் பலர் வாசலில் நின்றனர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கூட வராதவர்கள் அன்று வந்திருந்தனர்.

முதலிலே பேசியவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர். நாவலர் பிறந்த மண்ணிலே இப்படியொரு கேடா என்று அவர் கேட்டார். சைவமும் தமிழும் தழைத்த பூமி, பண்பாடு, மானம் என்று நெடுநேரம் பேசினார். கைதட்டலும் கிடைத்தது. அவர் அமருமுன் பின்வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர் குரல் கொடுத்தார்: “ஐயா, கலியாண வீட்டில காரின்ர டிக்கிக்குள்ள வைச்சு ஒளிச்சுக் குடிக்கிறது பண்பாடு, வெளிச்சத்தில வாங்கிக் குடிச்சால் மட்டும் பண்பாட்டுச் சீரழிவோ?”

சபை சிரித்தது. சிரித்தவர்களிற் பலர் அந்தக் கார்களின் பின்னால் நின்று பழகியவர்களே. இளைஞரின் குற்றச்சாட்டிலே நியாயம் உண்டு. விருந்துக்கு வந்த வெளிநாட்டு விஸ்கியை மேசையிலே வைத்து மகிழும் வீடு, கூலிக்காரன் தவறணையிலிருந்து தள்ளாடி வருவதைக் கண்டு முகம் சுழிக்குமாயின், அது மதுவிலக்கு அன்று. குடிப்பவனின் தகுதியை அளக்கும் அளவுகோல் மட்டுமே. ஆனால், நம்மிடையே போலித்தனம் உண்டு என்பதிலிருந்து, படமாளிகைக்குள் மதுச்சாலை வேண்டும் என்பது பெறப்படாது. ஒளித்துக் குடிப்பது தவறாயின், அதற்கு மாற்று எல்லா இடத்திலும் விற்பது ஆகாது.

அடுத்து எழுந்தவர் ஒரு சீவல் தொழிலாளி. கூட்டங்களிலே பேசிப் பழகாதவர். தலைவரைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவே: “தலைவர் ஐயா, நாங்கள் மரத்தால விழுந்து முள்ளந்தண்டு முறிஞ்சு கிடந்தாலும் எங்களுக்குக் கள்ளுக்காரர் எண்டுதான் பேர். உவை குளிர் அறைக்குள்ள போத்தில் திறந்தால் அதுக்குப் பேர் முன்னேற்றமோ?”

இக்கேள்விக்கு ஒருவரும் மறுமொழி கூறவில்லை. கூற முடியாது. ஏனெனில் இந்நாட்டிலே மதுவின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

பிரித்தானியர் ஆட்சியிலே சாராயம் விற்கும் உரிமை ஏலத்திலே குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தவர்கள் பெரும் செல்வராயினர். அரசாங்கத்தின் திறைசேரியும் நிறைந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலே, கள்ளையும் சாராயத்தையும் வேறாக்கி, நாடெங்கும் பெருந்தொகையான கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசாங்கம் முற்பட்டது. அதற்கு எதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கமே தென்னிலங்கையிலே பொதுமக்கள் திரண்ட முதலாவது பெரும் அரசியல் அசைவாக அமைந்தது. அவ்வியக்கத்திற் பங்குகொண்ட டி. பி. ஜயதிலக்கா, டி. எஸ். சேனநாயக்கா முதலியோர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்துச் சிறையிலிடப்பட்டனர் என்பதை நாம் பாடப் புத்தகங்களிலே படிக்கிறோம். வடக்கிலும் அந்த அலை வீசிற்று. 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரஸாரின் அழைப்பை ஏற்று இங்கு வந்த காந்தியடிகள், மதுவிலக்கைத் தம் வாழ்நாட் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டவர் என்பது எவரும் அறிந்ததே.

இவை பெருமைக்குரிய செய்திகள். ஆயினும், பெருமையோடு நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலே மதுவிலக்குப் பேசிய பெரியோரிற் பலர், பனையிலே ஏறுபவனுடைய அடுப்பைப் பற்றிப் பேசவில்லை. கள் இழிந்தது என்றால் அதை இறக்குபவனும் இழிந்தவன் என்று கொள்ளப்பட்டது. தவறணை மூடப்பட்ட ஊர்களிலும் அவனுக்குக் கோயிற் கதவு திறக்கப்படவில்லை. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிய பின்னரும், தேநீர்க்கடையில் இருந்து தேநீர் குடிப்பதற்காகவும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயத்தினுள் நுழைவதற்காகவும் அவர்கள் போராடவேண்டியிருந்தது. 1972ஆம் ஆண்டு முதல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகிய பிறகே, சீவல் தொழிலாளி தன் கள்ளுக்குத் தானே விலை கேட்கும் நிலை ஓரளவுக்கேனும் தோன்றிற்று. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. ஆகவே, ஊரின் மானம் என்னும் பெயரால் மாத்திரம் எழுப்பப்படும் மதுவெதிர்ப்பை அந்தத் தொழிலாளி ஐயத்தோடு நோக்குகிறாரெனில், அந்த ஐயத்துக்கு வரலாறு உண்டு.

அப்படியாயின் படமாளிகை மதுச்சாலையை நாம் எவ்வாறு நோக்க வேண்டும்? படமாளிகை எத்தகைய இடம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

எமது ஊர் முதியவர்கள் ஒன்று சொல்வார்கள். கோயில் வாசலிலே கேட்கப்பட்ட கேள்வி படமாளிகையின் ரிக்கற் யன்னலிலே கேட்கப்படவில்லையாம். காசு கொடுத்தவன் ரிக்கற்றைப் பெற்றான். ரிக்கற்றைப் பெற்றவன் அமர்ந்தான். காலரி வேறு, பல்கனி வேறு என்று பணம் பிரித்தது உண்மை. ஆயினும் விளக்கு அணைந்த பின்னர் எல்லோரும் ஒரே திரையைப் பார்த்தனர்; ஒரே இடத்திலே சிரித்தனர்; ஒரே இடத்திலே மூக்கை உறிஞ்சினர். யாழ்ப்பாண நகரத்திலே வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, மனோகரா என்று பெயர் சொல்லிப் பழகிய தலைமுறைக்கு, படமாளிகை வெறும் களியாட்டக் கொட்டகை அன்று. பொதுவில் ஒன்றாக இருக்கப் பழகிய இடம். 1977ஆம் ஆண்டிலே தர்மசேன பத்திராஜ “பொன்மணி”யை உருவாக்கியபோது, இம்மண்ணின் சாதியையும் சீதனத்தையும் இம்மண்ணின் மக்களுக்கே திரையிற் காட்ட முடிந்தது. ஓடியது சில நாட்களே ஆயினும், அப்படியொரு படம் காட்டுவதற்கும் ஒரு கொட்டகை வேண்டியிருந்தது அல்லவா?

பின்னர் போர் வந்தது. 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. கொட்டகைகள் பல இருண்டன; சில இடிந்தன; சில வேறு பயன்களுக்குப் போயின. எம் தலைமுறையினர் சிறு வயதிலே படம் பார்த்தது, அயலார் வீட்டு முற்றத்திலே ஜெனரேற்றர் இரைச்சலின் நடுவே ஒரு சிறு பெட்டியில். ஊர்ப் படமாளிகை மீண்டும் திறந்தபோது அதனை ஒரு வியாபார நிலையம் திறந்ததாக எவரும் கொள்ளவில்லை. ஊர் தன் மாலைப் பொழுதை மீளப் பெற்றதாகவே கொண்டனர்.

அந்த மாலைப் பொழுதிலே பங்கு யாருக்கு? கூட்டத்திலே இக்கேள்வியைக் கேட்டவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண். ஆடைத் தொழிற்சாலையிலே வேலை செய்பவர். “மாதத்தில ஒருக்கா அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மற்றினி பாக்கிறனாங்கள். கோயிலை விட்டால் நாங்கள் போய் ஆறுதலா இருக்கிறதுக்கு இந்த ஊரில வேற எந்த இடம் இருக்கு? மேல குடிச்சுப்போட்டு இறங்கி வாற படியாலதான் நாங்களும் இறங்கவேணும்” என்றார் அவர்.

அவர் பண்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. படிக்கட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால், அன்றைய கூட்டத்திலே பேசப்பட்டவற்றுள் மிக வலிமையான நியாயம் அதுவே என்போம். ஆண்களுக்குச் சந்தி உண்டு, மைதானம் உண்டு, வாசிகசாலை விறாந்தை உண்டு, தவறணையும் உண்டு. பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே, மாலையிலே, எவரிடமும் காரணம் சொல்லாமல் இரண்டரை மணிநேரம் அமர்ந்திருக்கக்கூடிய இடம் எமது ஊரிலே ஒன்றே ஒன்று. அங்கே மது வந்தால் எந்தச் சட்டமும் அவர்களை வெளியேற்றப் போவதில்லை. “இனி அங்க போகவேண்டாம்” என்று தகப்பன்மாரும் தமையன்மாரும் சொல்வார்கள், அவ்வளவுதான். குடிப்பவனின் சுதந்திரத்துக்கு விலையாகக் கொடுக்கப்படுவது குடிக்காதவளின் சுதந்திரம்.

பெண்களின் மீது அரசாங்கம் வைத்திருந்த நோக்கையும் இங்கே நினைவு கூரலாம். பெண்கள் மதுபானம் வாங்குவதற்கு 1979ஆம் ஆண்டிலிருந்து இருந்துவந்த தடையை 2018 ஜனவரியிலே நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி அந்த நீக்கத்தை இரத்துச் செய்யப் பணித்தார். பெண் குடிக்கலாமா என்பது பற்றி நாடு முழுவதும் வாதிட்டது. குடிக்கும் ஆண்களுக்கு நடுவே பெண் அச்சமின்றி நடக்கலாமா என்பது பற்றி அத்தனை வாதம் நிகழவில்லை.

விடுமுறைக்காக லண்டனிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவரும் பேசினார். அங்கே படமாளிகைகளிலே பியரும் வைனும் விற்கிறார்கள். குடும்பமாக வந்து அமைதியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு குழப்பமும் இல்லை என்றார். அவர் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கிண்ணத்தின் பின்னால் நிற்கும் ஏற்பாட்டையும் சொல்லியிருக்கலாம். இங்கிலாந்திலே 2003ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டம், மது விற்பதையும் படம் காட்டுவதையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. குற்றங்களைத் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, அயலார்க்குத் தொல்லை நேராமற் காத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல் என்னும் நான்கு நோக்கங்களை அது வகுத்தது. விண்ணப்பம் உள்ளூராட்சி மன்றத்துக்குப் போகிறது. அறிவித்தல் வாசலிலே ஒட்டப்படுகிறது. அயலார் தம் ஆட்சேபத்தை எழுதி அனுப்பலாம். ஆட்சேபம் இருப்பின் அது விசாரிக்கப்படுகிறது. கிண்ணத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, அயலாரின் குரலைக் கேட்கும் வழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவது எவ்வகை முன்னேற்றம்?

இங்கே நிலைமை என்ன? கிராம அலுவலர் சொல்லாதிருந்தால் ஊர் அறிந்திராது. அனுமதிப்பத்திரம் என்பது மக்களின் தேவையைக் கருதி வழங்கப்படுவது என்பதை விட, வேண்டியவர்க்கு வழங்கப்படும் பரிசு என்ற எண்ணமே ஊரிலே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் ஆதாரமற்றதன்று. 2024ஆம் ஆண்டிலே வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் விபரம் அவ்வாண்டு டிசம்பரிலே நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, அவற்றின் தொகை முந்நூற்றுக்கும் மேல் என்று நாடு அறிந்தது. பள்ளிக்கூடம் கேட்டவர்க்கும் ஆஸ்பத்திரி கேட்டவர்க்கும் ஆண்டுக்கணக்கிற் கிடைக்காத விரைவு இங்கே எப்படிக் கிடைத்தது என்று மக்கள் கேட்டனர். வரிப்பணம் தேவை என்பது அரசாங்கத்தின் மறுமொழியாகலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் மதுவரி ஏற்றப்பட்டது. போத்தலின் விலை ஏற, உழைப்பாளிக்குக் கசிப்பு மலிவாயிற்று. திறைசேரியிற் சேரும் ரூபாயைக் கணக்கிட அதிகாரிகள் உளர். கசிப்புக் குடித்துக் கண்ணிழந்தவனின் வீட்டுக் கணக்கை எழுதுவார் எவருமில்லை.

இன்னொரு முரண்பாட்டையும் சுட்டவேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்குமான தேசிய அதிகாரசபையை நிறுவிற்று. 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு மது விற்றல் அச்சட்டப்படி குற்றம். மதுபான விளம்பரமும் குற்றம். எமது படமாளிகைக்கு வருவோரிற் பெரும்பகுதியினர் உயர்தர வகுப்பு மாணவர்களும், படிப்பை இப்போதுதான் முடித்த இளைஞர்களுமே. நாம் பள்ளியிலே காலையில் முகம் பார்க்கும் பிள்ளைகளை மாலையில் அந்த வரிசையிலே காண்கிறோம். மதுவை விளம்பரம் செய்யும் ஒரு நிமிடப் படத்தைத் திரையிலே காட்டினால் உரிமையாளர் நீதிமன்றம் போகவேண்டும். அதே திரைக்கு முன்னால் மதுவையே ஊற்றிக் கொடுக்க அனுமதி கேட்கிறார். விளம்பரத்தை விடப் பெரிய விளம்பரம் விற்பனை அல்லவா? கதாநாயகன் துயரம் வந்தாலும் மகிழ்ச்சி வந்தாலும் போத்திலைத் திறக்கும் படங்கள் தென்னகத்திலிருந்து வாரந்தோறும் வருகின்றன. திரையிலே திறக்கப்படும் போத்திலும் பல்கனியிலே திறக்கப்படும் போத்திலும் ஒரே நேரத்திற் சத்தமிடுமானால், வகுப்பறையிலே நாம் எழுப்பும் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

இவ்வளவு கூறியபின், உரிமையாளரைக் கொடியவராகச் சித்திரித்துவிட்டுக் கலைந்து செல்வது எளிது. அன்றைய கூட்டத்திற் சிலர் அதைத்தான் செய்தனர். அது நீதியன்று. அவர் தம் கணக்குப் புத்தகத்தோடு வந்திருந்தார். 2020இலே கொள்ளைநோய்க் காலத்தில் மாதக்கணக்காக மூடப்பட்ட கொட்டகை; 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெருமளவு ஏற்றப்பட்ட மின்கட்டணம்; ரிக்கற் காசிலே விநியோகஸ்தருக்குப் போகும் பங்கு; உள்ளூராட்சி மன்றத்துக்குப் போகும் களியாட்ட வரி. இவற்றுக்கு மேலாக, புதிய படம் வெளிவந்த சில நாட்களுக்குள் கைத்தொலைபேசியிலே களவாக வந்துவிடுகிறது. “நீங்கள் எல்லாரும் இப்ப எங்கட கொட்டகை, எங்கட கொட்டகை எண்டு சொல்லுறியள். கடைசியா எப்ப ரிக்கற் எடுத்தனியள்?” என்று அவர் கேட்டார்.

இதுவும் மறுமொழி கிடைக்காத கேள்வியே. அவர் மதுவை நாடுவது மதுவின் மேலுள்ள ஆசையினால் அன்று. படம் காட்டிப் பிழைக்க முடியாத இடத்திலே, படத்தைச் சாட்டாக வைத்துப் பிழைக்க முயல்கிறார். நாளடைவில் மேல்மாடி இலாபம் தரும். கீழ்த்தளம் நட்டம் தரும். எந்த வியாபாரியும் நட்டம் தருவதை மூடுவான். இன்று படமாளிகைக்குள் வரும் மதுச்சாலை, சில ஆண்டுகளிலே படமாளிகை இல்லாத மதுச்சாலையாக நிற்கும். இதைத் தீய எண்ணத்தின் விளைவு என்று கூறவேண்டியதில்லை. கணக்கின் விளைவு என்றாலே போதும்.

ஆதலின், வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் எதிர்ப்பு அரைகுறை எதிர்ப்பு. பிரதேச செயலாளருக்கு எழுதப்பட்ட மகஜரிலே, படமாளிகையினுள் மதுபானம் விற்க அனுமதியளிக்கலாகாது என்று கேட்டதோடு, உள்ளூராட்சி மன்றத்துக்கு இரண்டாவது கடிதம் ஒன்றும் எழுதவேண்டும் என்று நாம் கூட்டத்திலே வற்புறுத்தினோம். களியாட்ட வரியிலே ஒரு பகுதியை இக்கொட்டகைக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். மாதம் ஒருமுறை பாடசாலைகளுக்கும் மாதர் சங்கங்களுக்கும் குறைந்த கட்டணத்திலே நல்ல படம் ஒன்று காட்ட ஒழுங்கு செய்யவேண்டும். மேல்மாடி உணவகம் தாராளமாக வரட்டும், அங்கே தோசையும் தேநீரும் கூழும் பதநீரும் விற்கப்படட்டும் என்பன அதன் சாரம். பதநீரைச் சேர்க்கச் சொன்னவர் அந்தச் சீவல் தொழிலாளியே. கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் நாளாந்தம் கொடுக்க முடியும் என்று அவர் பொறுப்பேற்றார். போதை இல்லாப் பனஞ்சாற்றுக்கு மேல்மாடியிலே ஒரு மேசை கிடைக்குமானால், அது எமது ஊரிலே சிறிய காரியம் அன்று.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் முதற் கடிதத்திலே மகிழ்வோடு கையொப்பமிட்டார். இரண்டாவது கடிதத்திலே பதநீர் என்ற சொல்லைக் கண்டதும் பேனாவைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னர் அதிலும் ஒப்பமிட்டார். குரல் கொடுத்த இளைஞர் முதற் கடிதத்தில் ஒப்பமிடவில்லை, இரண்டாவதில் ஒப்பமிட்டார். அது அவருடைய உரிமை.

இரண்டு கடிதங்களும் போயிருக்கின்றன. மறுமொழி இன்னும் வரவில்லை. வருமளவும் கைகட்டிக் காத்திருப்பதாற் பயனில்லை. உரிமையாளர் கேட்ட கேள்வி எம்மெல்லோர் மீதும் நிலுவையாக நிற்கிறது. கடிதத்தில் ஒப்பமிட்ட ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறையேனும் ரிக்கற் யன்னலில் நின்று, காசு கொடுத்து, தம் வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு அந்தப் படியால் ஏறவேண்டும். ஒப்பம் எளிது, அதற்குச் செலவு இல்லை. ரிக்கற்றுக்குச் செலவு உண்டு. கொட்டகை யாருடையது என்பதை இறுதியிலே தீர்மானிக்கப் போவது அந்தச் செலவே.